தப்பொலி கேட்டீர், தப்படிப்போன் பெயர் கேட்டீரா?

மாசி பிறந்துவிட்டால் மாத்தளை மலைப்புறமெங்கும் தோலதிரும். நகரிலே முத்துமாரியம்மன் ஐந்து தேர்களில் வீதியுலா வருவாள். நாடெங்கணுமிருந்து மக்கள் வெள்ளம்போல் வந்து குவிவர். நகருக்கு மேற்கே, யட்டவத்தப் பகுதியிலே, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாய்க் கிடக்கும் தோட்டங்களில் ஐந்து தேருமில்லை, ஆயிரக்கணக்கான கூட்டமுமில்லை. தகரக் கூரையிட்ட ஒரு சிறு கோயில். அதன் முன்னே ஒரு செம்மண் திடல். அத்திடலே அம்மக்களின் நாடக அரங்கு, அதுவே இசை மன்றம், அதுவே கூட்ட மண்டபம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் அங்கே காமன் கம்பம் ஊன்றப்படும். இரதியும் மன்மதனும் வேடங்கட்டி லயங்கள்தோறும் ஆடி வருவர். முழுநிலா நெருங்கும் இரவிலே மன்மதன் எரிவான், இரதி புலம்புவாள், எரிந்தவன் மீண்டும் எழுவான். அத்தனைக்கும் ஆதாரம் தப்பு. தப்பு நின்றால் கூத்து நின்றது. சாமியாடியின் காலும் நின்றது.

இவ்வளவும் யாவரும் அறிந்ததே. நாம் கேட்கப்போவது வேறு.

எந்தத் தோட்டத்துத் திருவிழா அறிவித்தலையேனும் கையில் எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒரெழுத்து விடாமல் வாசித்துப் பாருங்கள். பரிபாலன சபைத் தலைவர் பெயர் இருக்கும். செயலாளர், பொருளாளர் பெயர்கள் இருக்கும். கிரியைகளை நடத்தும் சிவாசாரியாரின் பெயர் நான்கு பட்டங்களோடு நிமிர்ந்து நிற்கும். நாதஸ்வரக் குழுவின் பெயர் ஊரோடு சேர்ந்து வரும். மாலை உபயம் யார், அன்னதான உபயம் யார், ஒலி ஒளி அமைத்தவர் யார் என்பதெல்லாம் விளங்கும். மின்பிறப்பாக்கியை இரவல் கொடுத்த கடை முதலாளிக்கும் ஒரு வரி உண்டு. அறிவித்தலை அச்சிட்ட அச்சகத்தின் பெயர்கூட அடியிலே சிற்றெழுத்தில் கிடக்கும். தப்படிப்போருக்கு? “தப்பு மேளம் முழங்க” என்ற மூன்று சொற்கள்! அவ்வளவே.

முழங்க என்றால் யார் முழக்க? தப்பு தானே எழுந்து தன்னைத்தானே அடித்துக்கொள்கிறதோ? மேகம் முழங்குகிறது, கடல் முழங்குகிறது என்று சொல்வதுபோல, மனிதக் கையின் தொழிலை இயற்கையின் ஓசையாக்கிவிட்ட இந்த இலக்கணத்தை நமக்குக் கற்றுத் தந்தவர் யாவர்? பதினாறு இரவு உறக்கமின்றி, பனியிலே தோள் விறைக்க நின்று, விடிந்ததும் மலைக்கு வேலைக்கு ஓடுகின்ற அந்த நால்வருக்கும் ஐவருக்கும் பெற்றோர் பெயர் சூட்டவில்லையா? சூட்டினார்கள். நாமே அதை அச்சில் ஏற்ற மறுத்தோம். மறுத்தோம் என்பதைக்கூட உணராமல் மறுத்தோம். அதுதான் இழிவு.

“பெயர் போடாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று? அவர்களே கேட்கவில்லையே!” என்று கூறும் அன்பர்கள் உண்டு. அவர்கள் மலையகத்தின் மொழியை மறந்துவிட்டார்கள். மலையகத் தமிழனுக்குப் ‘பேர்’ என்ற சொல் வெறும் பெயரன்று. தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்றே பெயர். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால்தான் கூலி. நிறை போதாதென்று அரைப்பேர் போட்டால் அன்று அரை வயிறு. பேர் வெட்டப்பட்டால் பட்டினி. ஒரு மனிதனின் பெயரும் அவனது ஒரு நாள் உயிரும் ஒரே சொல்லாகிப் போன மண் உலகில் வேறெங்கேனும் உளதோ? பேர் போடப்படாமையின் பொருள் என்னவென்று அந்த மக்களுக்கு நாம் போய்ச் சொல்லவேண்டியதில்லை. அரைப்பேர் போட்ட துரையையும் கணக்கப்பிள்ளையையும் மேடைதோறும் கண்டித்த நாமே, கோயில் திடலிலே நமது கலைஞனுக்குக் கால்பேரும் போடாமல் அனுப்புகிறோம். துரைமாருக்கும் நமக்கும் இவ்விடயத்தில் உள்ள வேற்றுமை யாது என்று கேட்கிறோம்.

தப்பு என்பது என்ன என்றாவது அறிவோமா? மரத்தால் வளைத்த ஒரு வளையம். துண்டுகளை இணைக்க இரும்புப் பட்டை. அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய தோல். பார்ப்பதற்கு எளிது. கையிலே எடுத்தவனுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். இடக்கையிலே மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையிலே குட்டையான தடித்த குச்சி. இரண்டும் ஒரே தோலின் இரு வேறு இடங்களில் இரு வேறு குரல்களை எழுப்பவேண்டும். வளையத்தைத் தாங்குவதும் இடக்கையே. தாங்கிக்கொண்டே அக்கையின் விரல்கள் குச்சியையும் ஆட்டவேண்டும். நடுத்தோலிலே விழும் அடி ஒன்று, ஓரத்திலே விழும் அடி வேறொன்று, இரு குச்சியும் சேர்ந்து விழும் அடி மற்றொன்று. மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் தோல் தளர்ந்து போகும். ஆகவே சருகையும் வைக்கோலையும் கொளுத்தி அனலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். எவ்வளவு நேரம் காட்டுவது? கடிகாரமா சொல்லும்? விரலால் சுண்டிப் பார்த்துக் காதால் அறிவார்கள். சற்றே கூடினால் தோல் வெடிக்கும். குறைந்தால் ஓசை செத்துவிடும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுவதைக் கண்டால் சபையிலே அமைதி காக்கிறோம். தப்புக்குச் சுருதி கூட்டுகையில் அதைக் குளிர்காய்கிறார்கள் என்றெண்ணி அப்பால் போகிறோம்!

சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி, பொன்னர் சங்கர் படுகளத்துக்கு ஓர் அடி, அருச்சுனன் தபசு மரமேறுகையில் ஓர் அடி என்று ஒன்றுக்கொன்று கலவாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். லயத்துக்குள்ளே படுத்துக்கிடக்கும் கிழவி, வெளியே எழும் அடியைக் கேட்டே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். ஒரு காலத்திலே பிரட்டுக்களத்துக்கு ஆளைக் கூப்பிட்டதும் இதே தப்புத்தான். விடியுமுன் அடித்த அவ்வோசை கேட்டே நம் பாட்டன்மார் கம்பளியை உதறி எழுந்தார்கள். துரைக்கு வேலையாள் வேண்டுமென்றாலும் தப்பு, தெய்வத்துக்கு அடியார் வேண்டுமென்றாலும் தப்பு, பிணத்துக்கு வழித்துணை வேண்டுமென்றாலும் தப்பு. இத்தனை பேருக்கும் வேண்டப்பட்டவன் பெயரில்லாதவனாய் இருப்பது எப்படி?

மாத்தளை மண்ணிலே இக்கேள்வியைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, பாதிப்பேரைப் பாதையோரத்தில் புதைத்துவிட்டு வந்த மக்களுக்கு மலையின் வாசலாய் நின்றது மாத்தளை. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியில் நடைபயணம் நடந்தது. இறந்தோரை நினைந்து நடந்தார்கள். நல்லது. அந்த வழியில் கொண்டுவந்த மூட்டையிலே தப்பும் வந்தது; அடவும் வந்தது; பாட்டும் வந்தது. தூக்கி வந்தவன் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஏறிய பெயர்கள் எவை? 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிக் கிருஷிக் கும்மி பாடினார். கோப்பித் தொழிலை விளக்கிப் பாடிய அந்நூல் அச்சேறியது. ஆகவே அவர் பெயர் நின்றது. மீனாட்சி அம்மாள், தம் கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டந்தோட்டமாகச் சென்று, கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவர் தம் பாடல்களைச் சிறு நூல்களாக அச்சிட்டு வெளியிட்டார். ஆகவே அவர் பெயரும் நின்றது. சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றம் சென்றவர். மலைநாட்டுப் பாடல்களை வாய்மொழியாய்க் கேட்டுத் தொகுத்தவர். அவருடைய ஆங்கிலக் கவிதை நூலிலே தோட்டத்தின் விடியலைத் தட்டி எழுப்புவது தப்பின் ஒலியே. கவிஞர் பெயரைப் போற்றுகிறோம்; போற்றத்தான் வேண்டும். அந்த விடியலில் உண்மையிலேயே கையில் குச்சியோடு நின்றவனை யார் போற்றினார்? அச்சேறியவன் வாழ்ந்தான், அச்சேறாதவன் மாண்டான் என்பதுதானே கதை! அப்படியாயின் அறிவித்தலை அச்சிடும் நமது கையிலே எத்துணைப் பெரிய பொறுப்பு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா?

பெயரை அழிப்பதில் அரசுகள் நமக்கு ஆசான்மார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர். அடுத்த ஆண்டிலே வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் பறந்தன. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 எனப் பாதிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஆட்டுமந்தையைப் பங்கிடுவோனும் இது கறவை, இது கிடாய் என்று பார்த்தே பங்கிடுவான். இவர்கள் தலையை எண்ணினார்கள். அத்தலைகளுள் எத்தனை தலை காமன் கூத்தின் பாட்டு முழுவதையும் சுமந்து கப்பலேறியது, எத்தனை கை தப்பின் அடியைச் சுமந்து நீலகிரித் தேயிலைக் காட்டுக்குப் போனது என்று கேட்பார் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. அரசின் ஏட்டிலே பெயர் திரும்பி வந்துவிட்டது. நமது ஏட்டிலே?

இனி, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஓர் ஏட்டைக் காட்டுகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் மதிற்சுவரிலே இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு இருக்கிறது. கோயிலில் ஆடிப் பாடிப் பணிசெய்யக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். அந்நானூற்றுவரின் பெயரும் ஒவ்வொன்றாகக் கல்லிலே உண்டு. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள், எந்தச் சிறகிலே எத்தனையாவது வீட்டிலே குடியிருக்கிறாள் என்பதும் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல்லு நூறு கலம் என்ற கணக்கும் உண்டு. அவர்களை அடுத்து நட்டுவம் செய்வோருக்கும் வாசிப்போருக்கும் பாடுவோருக்கும் பங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. முடியரசன் அவன்; அப்பெண்டிரைக் கேட்டுத்தான் கொண்டுவந்தானா என்பது வேறு வழக்கு, அதை இங்கே எடுக்கவில்லை. ஆயினும் இசைப்பவளுக்குப் பெயருண்டு, வீடுண்டு, ஊதியமுண்டு என்று கல்லிலே பொறிக்கவேண்டுமென்ற அளவாவது அவனுக்குத் தோன்றியது. தஞ்சைப் பெருமை பேசாத தமிழ்மேடை இல்லை. நானூறு பெயரைக் கல்லிலே செதுக்கியவனின் பெருமையைப் பேசுவோர், நான்கு பெயரைத் தாளிலே அச்சிட மறப்பது என்ன நீதி?

இப்பொழுது மெய்யான மறுப்புக்கு வருவோம். மேற்சொன்ன சோம்பேறி மறுப்புகளைப் போலன்றி, இது எலும்புள்ள மறுப்பு. “தப்பு என்பது தீண்டாமையின் முத்திரை. பெயரைப் போட்டால் சாதியைப் போட்டதாகும். அவன் பிள்ளை மாத்தளையிலே பெரிய பாடசாலையிற் படிக்கிறான். அறிவித்தலிலே தகப்பன் பெயர் தப்புக்கு நேரே வந்தால், பிள்ளையை வகுப்பிலே எப்படிப் பார்ப்பார்கள்? இந்தத் தப்பைப் போட்டு உடைத்துவிட்டுப் படிக்கப் போங்கள் என்று சொல்வதே விடுதலை” என்கிறார்கள். இதைச் சொல்வோருட் பலர் அத்தப்படிப்போரின் வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுடைய சொல்லை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். சாவீடுகளிலே புறவாசலில் நிறுத்தப்பட்டு, கொட்டாங்கச்சியிலே சாராயம் வார்க்கப்பட்டு, கை படாமல் காசு எறியப்பட்டதைக் கண்டு வளர்ந்தவன், “வேண்டாம் இந்தக் கலை” என்று சொன்னால் அவனைப் பார்த்துப் பண்பாட்டுத் துரோகி என்று கூவ எவனுக்கு உரிமை உண்டு? சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. சாமிக்கும் அடிக்க மாட்டேன் என்று சொன்னாலும் அவனை வற்புறுத்த எந்தப் பரிபாலன சபைக்கும் அதிகாரம் கிடையாது. இதிலே நமக்கு ஐயம் இல்லை.

ஆனால், பெயரை மறைத்தால் இழிவு மறையுமா? பெயர் போடாமலே இத்தனை காலமும் இழிவு இருந்ததே! லயத்திலே அவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும். கூப்பிடத் தெரியும், ஏவத் தெரியும், எங்கே நிற்கவேண்டுமென்று காட்டத் தெரியும். அச்சிலே போடுவதற்கு மட்டும் தெரியாது! மறைப்பது அவனைக் காக்கவன்று, நம்மைக் காக்க. அவன் பெயருக்குப் பக்கத்திலே நம் பெயர் வந்துவிடுமே என்ற அச்சம் அது. சேக்கிழார் பாடிய நந்தனார் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் அவர். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று. அவர் வெளியே நின்றார். தோலுக்குத் தீட்டில்லை, தோல் கொடுத்தவனுக்குத் தீட்டு! நாதம் கருவறைவரை போகலாம், நாதத்தை எழுப்பியவன் கொடிமரம்வரையும் போகலாகாது! அந்த வழக்கின் கடைசி எச்சமே “தப்பு மேளம் முழங்க” என்ற மூன்று சொற்கள்.

ஆகவே நாம் சொல்லும் முறை இது: கேட்டுப் போடுங்கள். அவனிடம் சென்று, “உங்கள் பெயரை எப்படிப் போடட்டும், ஐயா?” என்று கேளுங்கள். போடவேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவன் உரிமை. போடுங்கள் என்றால் நாதஸ்வர வித்துவானுக்கு எந்த அளவெழுத்தோ அதே அளவெழுத்தில் போடுங்கள். ஏதேனும் பட்டம் சூட்டிக் கேலிக்கூத்தாக்காதீர்கள். அவனைக் கேட்கப் போகும் அந்தப் பத்து நிமிடமே பாதி வேலையைச் செய்துவிடும். ஏனெனில் இதுவரை அவனிடம் எவரும் எதையும் கேட்டதில்லை, கட்டளைதான் இட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் பெயர் சொல்லாமலிருந்தோர் பின்பு பெயராலேயே வாழ்ந்த கதையும் நம்மிடம் உண்டு. நாகசுரக்காரர் சாமிக்கு முன்னே நடந்தே வாசிக்கவேண்டும், செல்வர் வீட்டிலே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் என்றிருந்த காலம் உண்டு. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அந்த வழக்கத்தின் முகத்தில் அறைந்தார். பட்டுச் சட்டை அணிந்தார், மேடையேறி உட்கார்ந்தார், கேட்டுக் கேட்டு ஊதியம் வாங்கினார். செருக்கன் என்றார்கள். 1956இல் அவர் மறைந்தபோது அழாத தமிழிசை அன்பர் இல்லை. நமது நாட்டிலே 1933 முதல் 1975 வரை வாழ்ந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தமிழகத்துச் சபைகள் காத்துக் கிடந்தன. தவிலும் தோல்தான். அதையும் கையாலும் குச்சியாலும் தான் அடிக்கிறார்கள். அங்கே பெயர் உண்டு. ஆகவே பெருமை உண்டு. தப்புக்கும் இனிமேல் அது வாராதென்று எவரும் சோதிடம் சொல்லவேண்டாம். 2025இல் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. பறையன்று முழங்கியது, வேலு ஆசான் முழக்கினார். இலக்கணம் திருந்தினால் எல்லாம் திருந்தும் போலும்!

அயல் கிராமத்தைத்தான் பாருங்களேன். தப்பின் உறவினனாகிய தம்மட்டம் அங்கே இருக்கிறது, கெட்ட பெரய இருக்கிறது, தவுல் இருக்கிறது. அவற்றை அடித்தோரையும் சிங்களச் சமூகம் ஒரு சாதியாக்கித் தாழ்த்தித்தான் வைத்திருந்தது. ஆனால் நாடு சுதந்திரம் பெற்றபின் அக்கலையைப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள், மேடைக்குக் கொண்டுபோனார்கள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வு முற்றும் ஒழிந்ததென்று நாம் கூறவில்லை. எனினும் கண்டி நடனத்தின் முழவைத் தேசியச் சின்னமென்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல அவர்கள் கற்றுக்கொண்டார்கள். யட்டவத்தப் பகுதியில் ஒரே மலையின் ஒரு சரிவிலே அந்த முழவும் மறு சரிவிலே நமது தப்பும் ஒலிக்கின்றன. இரு சரிவுக் கலைஞரும் ஒருவரையொருவர் கண்டு, உன் அடி எப்படி, என் அடி எப்படி என்று கேட்டதுண்டா? அப்படி ஒரு மாலைப்பொழுதை ஏற்பாடு செய்ய எந்த ஐக்கியப் பிரசங்கியும் இதுவரை முன்வந்ததாகத் தெரியவில்லை. ஐக்கியம் பேசுவதற்கு ஒலிபெருக்கி இருந்தால் போதும். தோலும் தோலும் பேசுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

தலைவர்மாரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாகவேண்டும். அமைச்சர் வருகிறார் என்றால் தப்பு வேண்டும். மேதின ஊர்வலத்துக்குத் தப்பு வேண்டும். பண்பாட்டு விழா என்ற பெயரில் நகர மண்டபத்தில் நடைபெறும் வைபவத்துக்கும் வாசலிலே தப்பு வேண்டும். அடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து, வரும் பிரமுகரை மண்டபத்து வாயில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கதவு திறக்கிறது, பிரமுகர் உள்ளே போகிறார், கதவு சாத்தப்படுகிறது. தப்படித்தவன் வெளியே மாமரத்தடியில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்கிறான். உள்ளே மலையகக் கலைகளின் மாண்பு என்னும் பொருள்பற்றி ஒருவர் முக்கால் மணிநேரம் ஆய்வுரை நிகழ்த்துகிறார்! ஆய்வுக்குப் பொருளானவன் வாசற்படிக்கு அப்பால், ஆய்வாளன் கதிரையில். நந்தனாருக்காவது நந்தி விலகியது. இந்தக் கதவு விலகாது. தொழிலாளரின் தோழர் என்று மார்தட்டும் தலைவர்களே, உங்களுக்கு முன்னே நடந்து வந்தவனுக்கு உங்களுக்குப் பக்கத்திலே ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் போட்ட பூமாலைகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கும் நாடகம் வேண்டாம். கதிரை போதும்.

ஊதியத்தின் கதை இன்னும் கேவலமானது. நகரத்திலிருந்து வரும் இன்னிசைக் குழுவுக்கு ஒப்பந்தம் உண்டு, முற்பணம் உண்டு, போக்குவரத்துச் செலவும் இராச்சாப்பாடும் உண்டு. சினிமாப் பாட்டை நள்ளிரவுவரை பாடிவிட்டு அவர்கள் வண்டியேறிப் போகிறார்கள். அவர்களும் உழைப்பாளிகளே, கொடுங்கள், குறை கூறோம். தப்புக் குழுவுக்கோ, விழா முடிந்தபின் தட்டிலே விழுந்ததை எண்ணி, செலவு போக மிஞ்சியதைச் சுருட்டி, “இந்தாருங்கள்” என்று கையிலே திணிப்பார்கள். அதோடு ஒரு போத்தல். போத்தலே கூலி என்ற வழக்கத்தை ஏற்படுத்திவிட்டு, பிறகு “தப்படிப்பவன் குடிகாரன்” என்று வாய் கூசாமல் பேசுகிறோம். கொடுத்தவன் யார்? எத்தனை இரவு, எத்தனை பேர், இரவொன்றுக்கு எவ்வளவு என்று விழாவுக்கு முன்னரே பேசி, வரவுசெலவுக் கணக்கிலே சிவாசாரியார் தட்சணைக்கு அடுத்த வரியிலே எழுதுங்கள். மறுநாள் பிரட்டுக்கு எழ முடியாமல் போகும் ஒரு பேரின் கூலியையும் அதிலே சேர்த்துக்கொள்ளுங்கள். திடலிலே ஆடியவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, அவர்களை ஆட்டிவைத்தவன் மட்டும் பால்வெட்டுக் கத்தியோடு இறப்பர் மலைக்கு ஏறுவது எந்த ஊர் நியாயம்?

இளைஞர்களைப் பார்த்துச் சொல்கிறோம். இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. காமன் எரிகையில் நூறு தொலைபேசிகள் ஒருசேர மேலே எழுகின்றன. மன்மதன் படத்தில் வருகிறான், நெருப்பு வருகிறது, நண்பர்களின் முகம் வருகிறது. தப்படிப்போன் சட்டகத்தின் ஓரத்திலே ஒரு தோளாக வந்து மறைகிறான். வீட்டுக்குப் போய் அப்படத்தின் ஒலியை எடுத்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டை ஒட்டி உலகுக்கு அனுப்புகிறீர்கள்! பதினாறு இரவின் உழைப்பை ஒரு விரலால் துடைத்தெறியும் வித்தையை எங்கே கற்றீர்கள்? சாதனம் உங்களிடம் இருக்கிறது. முன்னோர்க்கு அச்சகம் கிட்டவில்லை. உங்களுக்குப் பைக்குள்ளே கிட்டியிருக்கிறது. கூத்தில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயத்து இஸ்தோப்பிலே போய் உட்காருங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அவருக்குக் கற்பித்தவர் எந்தத் தோட்டத்துக்காரர், அவர் ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டாரா, இங்கேயே மண்ணானாரா என்று கேளுங்கள். இரதி புலம்பலுக்கும் மன்மதன் எழுச்சிக்கும் அடி எங்கே மாறுகிறது என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பதிவு செய்யுங்கள். பதிவின் தலைப்பிலே அவர் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர் அடியிலே வரட்டும்.

அந்த இஸ்தோப்பில் நீங்கள் காணப்போவது எந்தத் தேவகணத்தையும் அன்று. காலையிலே உங்களோடு அதே பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைத்தான் காண்பீர்கள். சேமலாபநிதிப் படிவத்தை நிரப்பித் தரும்படி உங்களிடம் கேட்டு வந்தவரைத்தான் காண்பீர்கள். முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். தேநீர் கொடுப்பார். குடியுங்கள். குடிக்கத் தயங்குவோமானால், நாம் எழுதிய இத்தனை பத்திகளும் வீண். அறிவித்தலிலே பெயரைப் பொன்னெழுத்தில் போட்டாலும் வீண்.

அடுத்த மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. யட்டவத்தப் பகுதியிலும் மாத்தளை மாவட்டம் முழுவதிலுமுள்ள பரிபாலன சபையார் கூடி, கடந்த ஆண்டு அறிவித்தலை எடுத்து வைத்துக்கொண்டு, திகதிகளை மட்டும் மாற்றி அச்சகத்துக்கு அனுப்புவது வழக்கம். இவ்வாண்டு அனுப்புமுன், “தப்பு மேளம் முழங்க” என்ற வரியின்மேல் ஒரு கோடு கீறுங்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கீழ் லயத்துக்குப் போய் வரட்டும். அவர் திரும்பி வரும்வரை அறிவித்தல் மேசைமேலேயே கிடக்கட்டும்.